இரண்டு இடது கை ஜாக்கெட்

ஓசூரில் ஒருவரிடம் என்ன வேலை என்று கேட்டால் கம்பெனி பெயரைச் சொல்வார். வேலையைச் சொல்ல மாட்டார். விடாமல் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். பெண் பார்க்கப் போன இடத்தில் "பைக் செய்யிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன ரத்தினவேல், பைக்கில் வலதுபக்கக் கண்ணாடியை மாட்டுகிறவர். இடதுபக்கக் கண்ணாடிக்கு வேறொருவர் இருக்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அப்போது எதிரில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெண்தான் இருளாயி. மானாமதுரைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஓசூர் பக்கத்து மத்திகிரிக்கு வந்ததும், கணவனுக்குச் சளைக்காமல் அவளும் ஒரு பாதி வேலையில் சேர்ந்தாள். அத்திப்பள்ளி தாண்டி இருந்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. விடியுமுன் பஸ் வரும், இருட்டியபின் கொண்டுவந்து விடும். நடுவில் அவள் செய்தது ஒரே வேலை. ஆண்கள் சட்டைக்கு இடது கையை வைத்துத் தைப்பது.

இடது மட்டும். வலது கை அடுத்த மிஷின். காலர் எதிர் வரிசை. பித்தான் துளை வேறு கட்டிடம். ஒரு முழுச் சட்டையை அவள் பார்த்தது பெட்டியில் அடுக்கும்போதுதான், அதுவும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து. ஆனால் அந்த இடது கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோள் வளைவில் துணியை ஊசிக்குக் கீழே அவள் திருப்புகிற அழகு, மாவைத் தோசைக்கல்லில் ஊற்றி வட்டமாகச் சுற்றிவிடுகிற மாதிரி ஒரே வீச்சு. சுருக்கம் விழாது, நூல் இழுக்காது. அமெரிக்காவில் எத்தனையோ பேர் இருளாயி வைத்த இடது கையால் பர்ஸ் எடுத்துச் செலவழித்திருக்கிறார்கள். பிறகு அவர்கள் செலவழிப்பதை நிறுத்தினார்கள். அங்கே யாரோ சட்டை வாங்கவில்லை, இங்கே மத்திகிரியில் பஸ் நின்றுவிட்டது. 2009-ஆம் வருடத்துப் பொருளாதாரத்தை இதைவிட எளிதாக யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

வேலை போன வாரமே இருளாயி ஒரு பழைய கறுப்புத் தையல் மிஷினை வாங்கி வாசலில் போட்டாள். காலால் மிதிக்கிற மிஷின். கம்பெனியில் கரண்ட் மிஷின், பெடலைத் தொட்டால் போதும், பாயும். இதுவோ மிதியில் கொஞ்சம் தடுமாறினால் பின்பக்கம் சுற்றி நூலை அறுக்கும். முதல் சில நாள் நூல் கோர்ப்பதிலேயே போயிற்று. பிறகு கரண்ட் கட்டு தொடங்கியது. மோட்டார் வைத்திருந்த டெய்லர்கள் எல்லாம் கடை வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இருளாயி மட்டும் கடகடவென்று மிதித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கம் ஒரு தனிமனுஷிக்கு இவ்வளவு நேரடியாக உதவியதில்லை.

அவள் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள்.

"எக்ஸ்போர்ட் கம்பெனியிலயே தெச்சவ. எங்க ஜாக்கெட்டெல்லாம் உனக்கு ஒரு பொருட்டா?"

இடது கை மட்டும்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் ஜாக்கெட் ஒன்றை எடுத்துத் தையல் தையலாகப் பிரித்தாள். பிரித்த துண்டுகளை நியூஸ்பேப்பரில் வைத்து வரைந்தாள். முன் பாகம், பின் பாகம், இடுப்புப் பட்டி, கொக்கிப் பட்டி எல்லாம் ஒவ்வொரு பேப்பராக வெட்டி ஆணியில் மாட்டினாள். மறுபடி அந்த ஜாக்கெட்டைச் சேர்த்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். சரியாக இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாள்.

கைக்கு மட்டும் ஒரே பேப்பர் வெட்டியிருந்தாள். இடது கை.

இங்கே வாசகர் கொஞ்சம் பொறுமையாகத் தன் சட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைத்துணிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று உண்டு. தோளோடு சேருகிற வளைவு முன்பக்கம் ஆழமாகக் குழிந்திருக்கும். பின்பக்கம் துணி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் துணிதான் நாம் கையைத் தூக்கும்போது கூடவே எழும்பி வருகிறது. ஆகவே இடது கையும் வலது கையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிராக வர வேண்டும். துணியை நல்லபக்கம் உள்ளே வருமாறு மடித்து ஒரே வெட்டாக வெட்டினால் ஜோடி தானாக வந்துவிடும். எந்த டெய்லரும் இதை யோசிப்பதுகூட இல்லை. ஆனால் வெட்டும் வேலை கம்பெனியில் வேறு செக்‌ஷன். இருளாயியிடம் வந்ததெல்லாம் வெட்டிய இடது கைகளின் கட்டு. அவள் கண்ணுக்கு உலகத்தில் கை என்றாலே அந்த வடிவம்தான்.

அதனால் துணியை மடிக்காமல், அதே பேப்பரை அதே மாதிரி இரண்டு தடவை வைத்து வெட்டினாள். மாட்டவில்லையா? மாட்டவில்லை. காரணம், வந்ததெல்லாம் சாதாரணக் காட்டன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். இரண்டாவது கையை வைக்கும்போது பொருந்தவில்லை என்றால் திருப்பிப் போட்டுத் தைத்துவிடுவாள், அது வலது கையாகிவிடும். ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் தப்பாக வெட்டிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு தடவையும் துணி அவளை மன்னித்துக்கொண்டிருந்தது. பேரும் வளர்ந்துகொண்டிருந்தது.

ஆவணி பிறந்தது. ஆடியில் அடைத்து வைத்திருந்த கல்யாணங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்து ஓடின. வீட்டுக்காரம்மா சென்னம்மா மகள் பிரியதர்ஷினிக்கும் முகூர்த்தம். சென்னம்மா வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வாடகை கேட்க வரும்போது தமிழ். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பெரிய டெய்லர் சௌந்தரராஜன், "ஆவணி முடிஞ்சதும் வாங்கம்மா" என்று கைவிரித்ததும் சென்னம்மா பட்டுத்துணியோடு நேராகப் பின்பக்க லைன் வீட்டுக்கு வந்தார்.

"இருளாயி, முகூர்த்தச் சேலையோட வந்த ஜாக்கெட் துணி. இது ஒண்ணுதான் இருக்குது. சேலையிலிருந்து வெட்டினது, எந்தக் கடைக்குப் போனாலும் இந்தக் கலரும் இந்த ஜரிகையும் வராது. பாத்துப் பண்ணு."

"குடுங்கம்மா. கம்பெனி ஃபினிஷிங்குல தாறேன்" என்றாள் இருளாயி. இந்த வாக்கியத்துக்காகப் பிறகு அவள் நிறைய வருத்தப்பட்டாள்.

எல்லாம் முறையாகத்தான் செய்தாள். உள்ளே கொடுக்கும் லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டாள். அதைச் செய்யாவிட்டால் முதல் துவைப்பில் உள்ளே சுருங்கி வெளியே பட்டு பொம்மும். தடித்த ஊசியைக் கழற்றிப் பட்டுக்கு மெல்லிய புது ஊசி போட்டாள். பட்டு வழுக்கும் என்று அடியில் நியூஸ்பேப்பர் வைத்துத் தைத்துப் பிறகு பேப்பரைக் கிழித்தாள். பக்கத் தையலில் உள்ளே துணி விட்டாள், கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் அகலமாவது அவளுக்கும் தெரியும். இடது கையை வைத்தாள். அது தெய்வமே வந்து வைத்த மாதிரி உட்கார்ந்தது.

வலது கையை வைத்தாள். உட்காரவில்லை. வழக்கப்படி திருப்பினாள்.

பட்டின் பின்பக்கம் தெரிந்தது. ஜரிகைக் கரை முழுக்க நூல் நூலாகத் தொங்கிக்கொண்டு, வெள்ளையடித்த வீட்டுக்குப் பின்சுவர் மாதிரி.

இருளாயி இரண்டு கைத்துணிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தரையில் வைத்துப் பார்த்தாள். நூல் பிசகாமல் பொருந்தின. இரண்டும் இடது. புதிதாக ஒரு கை வெட்டத் துணி இல்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ரத்தினவேல் வந்தபோது அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, ரெண்டும் ஒரே கையா வெட்டிப்புட்டேன்."

ரத்தினவேலுக்கு உடனே புரிந்தது. அந்த ஊரில் இது புரிகிற ஒரு சிலரில் அவர் ஒருவர்.

"பொருள் உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே டேமேஜுன்னு சொல்லிரு. எங்க கம்பெனியில அப்படித்தான்."

"அவுக குடுத்தது முழுத் துணிங்க."

"அப்ப சானமாவு காட்டுல இருந்து யானை வந்துச்சுன்னு சொல்லு. இந்த ஊர்ல லேட்டா வந்தாலும் யானை, லீவு போட்டாலும் யானை. எவனும் திருப்பிக் கேக்க மாட்டான்."

"யானை வந்து கைத்துணியை மட்டும் தப்பா வெட்டிட்டுப் போச்சாக்கும்?"

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். இருளாயி துணியையும் கத்திரியையும் பையில் போட்டுக்கொண்டு முன்வீட்டுக்கு நடந்தாள். கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த மாதிரி இடத்தில் தைரியம் என்ற வார்த்தையைப் போடுவார்கள். அவளைக் கேட்டால், விடிந்தால் அந்தம்மா முகத்தில் முழிக்க வேண்டுமே, அதனால் போனேன் என்பாள்.

சென்னம்மா கூடத்தில் மஞ்சள் தடவிய தேங்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பிரியதர்ஷினி கையில் மருதாணியோடு டிவி முன்னால்.

"அம்மா, தப்பு பண்ணிட்டேன். வலது கையை இடது கையா வெட்டிட்டேன். வேற துணி இல்ல."

சென்னம்மா முதலில் தமிழில் "என்னாது?" என்றார். அடுத்து வந்ததெல்லாம் தெலுங்கு. இருளாயிக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் அன்று முழுதும் புரிந்தது. மூச்சு வாங்கியபின் தமிழ் திரும்பியது.

"எக்ஸ்போர்ட்டு எக்ஸ்போர்ட்டுன்னு சொன்னியே! என்னா எக்ஸ்போர்ட்டு பண்ணிகினு இருந்த அங்க?"

"இடது கைம்மா."

பிரியதர்ஷினி சிரித்துவிட்டாள். அம்மா முறைத்ததும் மருதாணிக் கையால் வாயை மூடப்போய், மூடாமல் நிறுத்தினாள்.

"அக்கா, அப்படியே தெச்சுட்டா என்ன ஆகும்? யாருக்குத் தெரியும்?"

"சும்மா நிக்கும்போது தெரியாது. கையைத் தூக்கினா வலது பக்கம் மொத்த ஜாக்கெட்டும் மேல ஏறிரும். இடுப்புப் பட்டி நெஞ்சுக்கு வந்துரும்."

மூன்று பேருக்கும் ஒரே காட்சிதான் கண்முன் வந்தது. அவர்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டியானதும் தலம்ப்ராலு. மஞ்சள் அரிசியை இரண்டு கையாலும் அள்ளி மாப்பிள்ளை தலையில் பெண்ணும், பெண் தலையில் மாப்பிள்ளையும் கொட்ட வேண்டும். பேருக்கு ஒரு தடவை அல்ல, தட்டு காலியாகும்வரை, இரண்டு பக்கத்துச் சொந்தமும் கத்திக் கத்தி உசுப்பேற்ற, போட்டி போட்டுக்கொண்டு. மாப்பிள்ளை சிவராஜ் கெலமங்கலத்துக்காரன். நிலைவாசலில் குனிந்து வருகிறவன். அவன் தலையில் கொட்ட வேண்டுமானால் பிரியதர்ஷினி கையைத் தூக்கினால் போதாது, எம்ப வேண்டும். வீடியோக்காரன் சரியாக அந்த நேரத்தில்தான் லைட்டைக் கிட்டே கொண்டுவருவான்.

"வேற கலர்ல கை வெச்சுக்கலாம்" என்றாள் பிரியதர்ஷினி, தயங்கி.

"முகூர்த்தத்துக்கு ஒட்டுப் போட்டு உக்கார வெக்கறதா? மாப்பிள்ளையோட அத்தை சரோஜம்மாள் கண்ணுக்கு எறும்பு கால் கூடத் தெரியும்" என்றார் சென்னம்மா. குரல் உடைந்திருந்தது. கோபத்தைவிட இது இருளாயிக்குக் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு நாளைக்குப் பகல் வரைக்கும் டயம் குடுங்கம்மா. பட்டுல கை வைக்க மாட்டேன். பழைய துணியில செஞ்சு காட்டுறேன். உங்களுக்குப் பிடிக்கலேன்னா அப்படியே குடுத்துர்றேன்."

ஒரு யோசனை அவளிடம் இருந்தது. கம்பெனியில் ஒருமுறை மரம் வெட்டுகிற ஆட்களுக்கென்று ஒரு ஆர்டர் வந்தது. கோடரியை ஓங்கும்போது சட்டை இழுக்கக்கூடாது என்று அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்கச் சொன்னார்கள். லைனில் எல்லோரும் திட்டிக்கொண்டே தைத்த ஆர்டர். நாலு மூலையும் கூராக நிற்க வேண்டும், ஒரு மூலை சுருங்கினாலும் திரும்பி வரும். இருளாயி இடது அக்குளை மட்டும் மாதக்கணக்கில் தைத்திருக்கிறாள். கனவில்கூட.

மறுநாள் காலை ரத்தினவேலின் பழைய லுங்கி ஒன்று ஜாக்கெட்டானது. அவர் அனுமதி கேட்கப்படவில்லை. அதிலும் வேண்டுமென்றே இரண்டு இடது கை வெட்டினாள். வலது பக்கம் வருகிற கையில் குழி பின்பக்கம் போயிருந்தது, முன்பக்கத்தையும் குழித்தாள். இப்போது தோளில் சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது, ஆனால் பின்பக்கம் துணி போதவில்லை. போதாத அந்தத் துணியை அக்குள் வழியாகக் கொடுத்தாள். சாய்சதுரத் துண்டைக் கிராஸாக, அதாவது துணியின் மூலைவாட்டத்தில் வெட்டினாள். நேராக வெட்டிய துணி விறைக்கும், மூலைவாட்டத்துத் துணி ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கும். மூலைக்கு வரும்போது ஊசியைத் துணிக்குள்ளேயே இறக்கி நிறுத்தி, மிஷின் பாதத்தைத் தூக்கி, தையலைத் தொடாமல் துணியை நுனிவரை ஒரு சின்ன வெட்டு வெட்டி, திருப்பி, பாதத்தை இறக்கி மறுபடி மிதித்தாள். கால் இப்போது மிஷின் சொன்னதைக் கேட்கவில்லை. மிஷின்தான் கால் சொன்னதைக் கேட்டது.

வலது கைக்கு வைத்ததும் நிறுத்திப் பார்த்தாள். இடது கையையும் பிரித்து அதற்கும் ஒரு துண்டு வைத்தாள். ஒரு கைக்கு மட்டும் வைத்தால் அது தப்பு. இரண்டு கைக்கும் வைத்தால் டிசைன். தொழில் ரகசியம் என்று தனியாக எதுவும் இல்லை, இதுதான்.

பகலில் பிரியதர்ஷினி லுங்கி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றாள்.

"தூக்கு" என்றார் சென்னம்மா.

தூக்கினாள்.

"இன்னும். மாப்பிள்ளை என்னா உன் ஒசரமா?"

எம்பினாள். இரண்டு கையையும் சேர்த்து விட்டத்தைத் தொடப்போனாள். சென்னம்மா குனிந்து இடுப்புப் பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டி அசையவில்லை.

"அம்மா, என் பழைய ஜாக்கெட்டுல எதுலயும் இந்த மாதிரி கை போகாது! தலை சீவறப்பவே இழுக்கும்."

பக்கத்து அறையிலிருந்து அப்பா நாராயணப்பன் எட்டிப் பார்த்து, கட்டம் போட்ட லுங்கியில் கல்யாணப் பெண் குதிப்பதைக் கண்டு, எதுவும் கேட்காமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். விவரமான மனிதர்.

"பட்டுல அந்தத் துண்டுக்குத் துணி?" என்று சென்னம்மா கேட்டார். குரலில் இன்னும் முழுதாக மன்னிப்பு வரவில்லை.

"கழுத்து வெட்டின துண்டு இருக்கும்மா. முதுகுக் கழுத்து அகலமா வெட்டினதால துண்டும் பெருசா கெடைச்சுச்சு. நான் துணியில எதையும் வீசமாட்டேன்."

சென்னம்மா யோசித்தார். பட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "பாத்துப் பண்ணு" என்று இந்தத் தடவை சொல்லவில்லை. பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, எட்டு மூலையும் தைத்து முடிகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை. இருளாயியின் சூப்பர்வைசர்கள் யாரும் அவளை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

கெலமங்கலத்து மண்டபத்தில் முகூர்த்தம். இருளாயி அட்சதையைக் கைக்குள் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் நின்றாள். தாலி கட்டினார்கள், மேளம் கொட்டியது, எல்லோரும் வீசினார்கள். அவள் வீசவில்லை. வீச மறந்துவிட்டாள். கூட்டத்தில் அத்தனை பேரும் பெண்ணின் முகத்தைப் பார்க்க, அவள் மட்டும் அக்குளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டில் அரிசி வந்தது. முதல் பிடி பிரியதர்ஷினி அடக்கமாகக் கொட்டினாள், சிவராஜின் காதில் விழுந்தது. அவன் பக்கத்துப் பையன்கள், "எட்டலடா, ஸ்டூல் கொண்டா!" என்று கத்தினார்கள். சிவராஜ் வேறு சிரித்துக்கொண்டே முதுகை நிமிர்த்தினான். பிரியதர்ஷினி மணையில் முட்டி போட்டு எழுந்தாள். இரண்டு கை நிறைய அள்ளினாள். வீடியோ லைட் கிட்டே வந்தது. இருளாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

கத்தல் மாறியதைக் கேட்டுத்தான் திறந்தாள். பிரியதர்ஷினி நேர் மேலே தூக்கிய கைகளிலிருந்து மாப்பிள்ளையின் உச்சந்தலையில் அரிசி கொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி அள்ளினாள், மறுபடி தூக்கினாள். அவன் அள்ளுமுன் இவள் கொட்டினாள். பட்டு கூடவே எழுந்தது, கூடவே இறங்கியது. இடுப்புப் பட்டி இருந்த இடத்தில் இருந்தது. சிவராஜ் கடைசியில் தலை குனிந்து கும்பிடு போட்டுவிட்டான். பெண் வீட்டார் பக்கம் விசில் பறந்தது. மேடை ஓரத்தில் நின்ற சென்னம்மா கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடி, கண்டுபிடித்து, தலையை ஒருமுறை ஆட்டினார். அவ்வளவுதான். இருளாயிக்கு அது போதும். கைக்குள் நசுங்கிப்போயிருந்த அட்சதையை அப்போதுதான் வீசினாள். முன்னால் நின்றவரின் வழுக்கையில் விழுந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை சரோஜம்மாள் சென்னம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு ஜாக்கெட் எங்க தெச்சது? அக்குள்ல என்னவோ வெச்சிருக்கே?"

எறும்பு கால் கண்ணுக்குத் தெரியும் என்று சொன்னது பொய்யில்லை. சென்னம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"எங்க லைன் வீட்டுப் பொண்ணு. இதோ உக்காந்திருக்கா பாருங்க. எக்ஸ்போர்ட் டிசைன்."

இருளாயி இலையிலிருந்து நிமிர்ந்தாள். "டிசைன் எல்லாம் இல்லங்கம்மா. ரெண்டு கையையும் இடது கையா வெட்டித் தொலைச்சுட்டேன். அதைச் சரிக்கட்ட வெச்ச துண்டு அது."

சரோஜம்மாள் அவளைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சென்னம்மாவிடம் திரும்பினார். "நல்ல வேலைக்காரங்க எல்லாம் இப்படித்தான் அடக்கமா பேசுவாங்க. எனக்கும் இதே மாதிரி ரெண்டு வேணும்."

"சத்தியமா தப்புங்கம்மா. உங்களுக்கு ஒழுங்கா வலது, இடதுன்னு வெட்டித் தாறேன். துண்டே தேவைப்படாது."

"துண்டு இல்லாட்டி எனக்கு எதுக்கு? அதை நம்ம ஊர் டெய்லரே தெப்பான்."

உண்மையை இதற்குமேல் விற்க முடியாது என்று இருளாயிக்குத் தெரிந்தது. கையைக் கழுவிவிட்டு வந்தாள். அளவு நாடா கையில் இல்லாததால் பூக்கட்டுகிற நாரில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள்.

"கையைத் தூக்குங்கம்மா. நல்லா மேல."

சரோஜம்மாள் பந்தி நடுவில் எழுந்து நின்று, வளையல் குலுங்க வலது கையைக் கூரையை நோக்கி உயர்த்தினார். ஒப்பட்டுப் போளி பரிமாறிக்கொண்டு வந்த ஆள் அதைப் பார்த்து வேகமாக ஓடிவந்து, அவர் இலையில் இன்னும் இரண்டு வைத்துவிட்டுப் போனான்.